புதுக் கடைக்கு முதல் நாள் மரியாதை

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் வண்டி ஓடாது. குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் காலையிலேயே இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பை இழுத்துப் போட்டு, நடுவில் 'நம்ம தெரு நம்ம கடை' என்று எழுதிய துணியைக் கட்டிவிடுவார்கள். எழுதியவர் ஆரம்பத்தில் தாராளமாக இடம் விட்டுவிட்டதால், கடைசியில் வரும் 'கடை' மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பெரிய கடைக்காரர்களுக்கு அங்கே வேலை இல்லை. வீட்டில் வைத்துத் தைக்கிறவர்கள், கொல்லையில் வளர்க்கிறவர்கள், அடுப்படி மேடையிலேயே எதையாவது செய்து பார்க்கிறவர்கள், இவர்களுக்குத்தான் மேசை.

விளக்குக் கம்பத்தை ஒட்டிய முதல் மேசை செடியம்மாவுடையது. அவளுக்கு அந்த இடத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சந்தை ஆரம்பித்த நாளில் அங்கே தொட்டிகளை இறக்கினாள், அப்புறம் நகரவே இல்லை. அவள் கணவர் மண் கலப்பார், தொட்டி சுமப்பார், பேச மாட்டார். ஆகையால் அவருக்கு மண்ணுக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. இரண்டு பேருக்கும் சேர்த்துச் செடியம்மாவே பேசிவிடுவாள்.

இந்தக் கடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சங்கத்துக்குத் தெரியாது, வாங்க வருகிறவர்களுக்கும் தெரியாது. புதிதாக ஒருவர் மேசை போட்டால், முதல் நாள் பழைய கடைக்காரர்கள் ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும். கூட்டமாகப் போகக் கூடாது, கடைக்காரர் என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. போகிற போக்கில் பார்த்து, பிடித்துப்போய் வாங்கின மாதிரி வாங்க வேண்டும். முதல் நாளே ஈ ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர் அடுத்த மாதம் வர மாட்டார் என்பது எல்லோருக்கும் பட்டுத் தெரிந்த விஷயம். அதற்காக ஏற்பட்ட மரியாதை அது. நல்ல வழக்கம்தான், அளவோடு இருந்திருந்தால்.

அந்த மாதம் புதிதாக வந்தவள் ஒரு சோப்புப் பெண். பல் டாக்டர் ஒருவரின் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். கணவன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கிற நாளைவிட இல்லாத நாள் அதிகம். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். வேலை முடிந்து வந்து, மகளைத் தூங்க வைத்துவிட்டு, தானே எண்ணெய் காய்ச்சிச் சோப்பு ஊற்றக் கற்றுக்கொண்டிருந்தாள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு சோப்புக்கும் இடுப்பில் ஒரு நூல் கட்டி, குழந்தைகளை வரிசையில் உட்கார வைத்த மாதிரி வைத்திருந்தாள்.

மதியம் வரை ஒரு சோப்பு அசையவில்லை. வந்தவர்கள் எடுத்து முகர்ந்து பார்த்து, "ஆஹா" என்று சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அந்த "ஆஹா"வைப் போல வயிற்றெரிச்சல் கிளப்புகிற சொல் கடைக்காரர்களுக்கு வேறு கிடையாது. சோப்புப் பெண் மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தாள். எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த செடியம்மாவுக்கு மனசு தாங்கவில்லை.

நேராகப் பைக்காரரிடம் போனாள். துணிப்பை தைத்து விற்கிற மனிதர், இளகின மனசு, சத்தமான வாய்.

"அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தீங்களா? இன்னிக்கு ஒண்ணோட நிறுத்தாதீங்க. வீட்ல சொல்லி அவங்களையும் வாங்கச் சொல்லுங்க."

"அக்கா சொல்லிட்டீங்கல்ல, விடுங்க" என்றார் பைக்காரர்.

தேன்காரரிடமும் அதையே சொன்னாள். கத்திக்குச் சாணை பிடிக்கிறவரிடமும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தானும் போய் வாங்கினாள், மண்ணுக்காரரையும் தனியாக அனுப்பினாள். நல்லது செய்யக் கிளம்புகிறவர்களிடம் இருக்கிற ஒரே கோளாறு, அவர்களுக்கு நிறுத்தத் தெரியாது. மற்றவர்கள் வாங்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் கூடுதலாக வாங்கினார்கள். பைக்காரர் மனைவி வாங்கினாள், மச்சினி வாங்கினாள். தேன்காரர் மாமனார் வீட்டுக்கென்று ஒரு பை நிறைய அள்ளினார். சாணைக்காரர் குளிக்கிற ஆளாகவே தெரியமாட்டார், அவரும் வாங்கினார். வெயில் தாழ்வதற்குள் வெள்ளைத் துணி மட்டும்தான் மேசையில் மிச்சம்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சங்கத்துச் செயலாளர் மைக்கைப் பிடித்துவிட்டார். மைக் கையில் இருந்தால் அவருக்குப் பேச விஷயம் வேண்டும், அன்றைக்கு விஷயம் கிடைத்தது. "இன்று முதல் முறையாகக் கடை விரித்த நம் சகோதரியின் சோப்பு அத்தனையும் விற்றுத் தீர்ந்துவிட்டது! பொதுமக்களின் ஏகோபித்த ஆதரவு!" என்று முழங்கினார். கடைக்காரர்கள் எல்லோரும் பலமாகக் கை தட்டினார்கள். அவர் சொன்ன பொதுமக்கள்தான் அங்கே கை தட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது செயலாளருக்குத் தெரியாது. சோப்புப் பெண் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

போகும்போது செடியம்மாவிடம் ஒரு செம்பருத்திச் செடி வாங்கினாள். "முதல் நாள் ஞாபகமா வச்சுக்கறேன் அக்கா" என்றாள். செடியம்மாவுக்கு மனசு குளிர்ந்துபோனது. நல்ல காரியம் செய்தோம் என்று வீடு போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் குளியலறையில் இருந்து மண்ணுக்காரர் குரல் கொடுத்தார். பேசாத மனிதர் குரல் கொடுத்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"இந்தா, இது சோப்பா, சேறா?"

செடியம்மா போய்ப் பார்த்தாள். சோப்பு டப்பாவில் சோப்பு இல்லை. வழவழவென்று ஒரு கூழ் இருந்தது, அதன் நடுவில் நூல் மட்டும் அப்படியே கிடந்தது. வாசனை மட்டும் வீட்டையே தூக்கியது.

"வெயில்ல வச்சிருப்பாங்க" என்றாள் செடியம்மா.

"குளியலறைல எங்க வெயிலு?" என்று கேட்டுவிட்டு, அந்த வருஷத்துக்கான பேச்சு முடிந்தது என்பது போல மண்ணுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்னொரு சோப்பை எடுத்து வைத்தாள். இரண்டு குளியலில் அதுவும் அதே கதி. பைக்காரரைப் பார்த்தபோது சும்மா கேட்கிற மாதிரி, "சோப்பு எப்படி?" என்றாள். "வாசனை பிரமாதம்" என்றார் அவர், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. தேன்காரரிடம் கேட்டாள். "வாசனை நல்லா இருக்குக்கா" என்றார். இவர்கள் யாருமே சோப்பைப் பற்றிப் பேசவில்லை, வாசனையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று செடியம்மாவுக்கு உடனே புரிந்தது. எல்லோர் வீட்டிலும் சேறுதான்.

சரி, மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அதற்குள் சோப்புப் பெண்ணே ஒரு சனிக்கிழமை செடியம்மாவின் கொல்லைக்கு வந்து நின்றாள். முகம் அப்படி ஒரு பிரகாசம்.

"அக்கா, முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன். வேலையை விடப் போறேன்."

செடியம்மா கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "எந்த வேலையை?"

"டாக்டர்கிட்ட இருக்கற வேலையைத்தான். மெயின் ரோட்ல தையல் கடை காலியாகுதுக்கா. திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். அன்னிக்கே டாக்டர்கிட்டயும் சொல்லிடப் போறேன். ஒரே நாள்ல அத்தனையும் போச்சே, நீங்களே பாத்தீங்கல்ல? மாசத்துல ஒரு நாளே இப்படின்னா, தினமும் கடை தொறந்தா? என் வீட்டுக்காரர்தான் பயந்தாரு. அன்னிக்கு மைக்ல சொன்னதை ஃபோன்ல எடுத்து வச்சிருந்தேன், போட்டுக் காட்டினேன். அவரும் சரின்னுட்டாரு."

செடியம்மா உண்மையைச் சொல்லிவிடப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"ஆமா, சோப்பு எப்படிக்கா இருக்கு? நீங்க சொல்லவே இல்லையே?" என்றாள் சோப்புப் பெண்.

எதிரில் அந்த முகத்தை வைத்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும்? "நுரை அருமையா வருதும்மா" என்றது செடியம்மாவின் வாய். அவள் சொல்லவில்லை, வாய் சொன்னது. "நம்ம செடி எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்குக்கா. மொட்டு விட்டிருக்கு!"

அவள் போன பிறகு செடியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பெண்ணைப் பிடித்துக் குழியில் தள்ளியது வேறு யாருமில்லை, தான்தான். ஒரு ஆளுக்கு ஒன்று என்று இருந்த வழக்கத்தை ஊதிப் பெரிதாக்கி, கிடைக்காத வியாபாரத்தைக் கிடைத்ததாகக் காட்டியாயிற்று. இப்போது மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, கரைகிற சோப்பை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் போய் உட்காரப் போகிறாள்.

அன்று சாயங்காலமே கடைக்காரர்களை டீக்கடையில் பிடித்தாள்.

"யாராவது போய்ச் சொல்லணும்."

"நீங்க சொன்னாதான் அந்தப் புள்ள கேட்டுக்கும் அக்கா" என்றார் பைக்காரர்.

"உங்க வாய்க்கு இதெல்லாம் ஒரு வேலையா? சும்மா இருக்கும்போது ஊருக்கே கேக்கற மாதிரி பேசுவீங்க."

"ஊருக்குச் சொல்றது வேறக்கா. ஒரு ஆளைப் பாத்துச் சொல்றது வேற. அழுதுட்டா நானும் அழுதுடுவேன்."

தேன்காரர் தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த சந்தைல தானா தெரிஞ்சுக்கட்டுமே" என்று இழுத்தார்.

"அடுத்த சந்தை வர்றதுக்குள்ள வேலை போயிருக்கும்!" என்றாள் செடியம்மா. சாணைக்காரர் டீக்குக் காசு கொடுக்கிற சாக்கில் முதலில் நழுவினார், அவர் பின்னால் மற்ற இரண்டு பேரும் நழுவினார்கள். வாங்கச் சொன்னால் வரிசையில் நிற்கிறவர்கள், சொல்லச் சொன்னால் காணாமல் போய்விடுகிறார்கள் என்று செடியம்மா கடுகடுத்தாள். ஆனால் அவளும்தானே நுரை அருமை என்றவள்.

மறுநாள் ஞாயிறு. இனி தள்ளிப்போட நாள் இல்லை. சோப்புப் பெண்ணின் வீட்டுக்குக் கிளம்பினாள். மூன்றாவது மாடி. படி ஏறும்போது என்னென்னவோ ஒத்திகை பார்த்தாள், கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோனது.

வீடு முழுக்க அந்த வாசனை. கூடத்தில் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். நாற்காலி மேல், அலமாரி மேல், துணி மடிக்கிற மேசை மேல், எங்கே பார்த்தாலும் சோப்புப் பாளங்கள் காய்ந்துகொண்டிருந்தன. மெயின் ரோட்டுக் கடைக்காக ஊற்றியவை. உட்கார இடம் இல்லை, சோப்புப் பெண் ஒரு பலகையைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு இடம் பண்ணிக் கொடுத்தாள்.

"உக்காருங்கக்கா, டீ போடறேன்."

சன்னலோரத்தில் ஒரு செம்பருத்தி தளதளவென்று நின்றது. இலையெல்லாம் மினுங்கியது, ஒரு பூ வேறு. பார்த்ததும் செடியம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் தொட்டியைப் பார்த்தாள். பிளாஸ்டிக் தொட்டி. செடியம்மா பிளாஸ்டிக் தொட்டியில் செடி கொடுக்கிறதே இல்லை.

கை கழுவப் போகிறேன் என்று பின்பக்க பால்கனிக்குப் போனாள். வாளிக்குப் பின்னால், பழைய துணி போட்டு மூடி, அவள் கொடுத்த மண் தொட்டி இருந்தது. துணியை எடுத்தாள். உள்ளே ஒரு குச்சி நின்றது. அவ்வளவுதான்.

செடியம்மாவுக்கு முதலில் வந்தது கோபம். எப்படித் தண்ணீர் ஊற்றினாள் இவள் என்று குச்சியைப் பிடித்து இழுத்தாள். எந்தத் தடையும் இல்லாமல் கையோடு வந்தது. புது வேர் ஒரு அங்குலம்கூட ஓடியிருக்கவில்லை. தோண்டும்போது வேர் வெட்டுப்பட்ட இடம் வெட்டுப்பட்டபடியே இருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. சந்தைக்கு முந்தின நாள், மேசை நிறையவில்லையே என்று தரையில் நின்ற செடிகளை அவசர அவசரமாகத் தோண்டித் தொட்டியில் வைத்தது அவள்தான். பிடித்துக்கொள்ள நாள் வேண்டும், இன்னும் ஒரு மாதம் கொல்லையில் நிற்கட்டும் என்று மண்ணுக்காரர்கூடச் சொன்னார். பேசாத மனிதர் சொன்னதையே அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திரும்பினாள். டீ தம்ளரோடு சோப்புப் பெண் பால்கனி வாசலில் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா... அது... வந்து..."

"மொட்டு விட்டிருக்குன்னியே?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்கா. நான்தான் சரியாப் பாத்துக்கலைன்னு நெனச்சேன். நீங்க எப்பவாவது வீட்டுக்கு வந்தா என்ன பண்றதுன்னு அதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சேன்."

"நீ நல்லாத்தான் பாத்துக்கிட்டே. செத்த செடியைத்தான் நான் உனக்கு வித்தேன்" என்றாள் செடியம்மா. குச்சியை அவளிடம் நீட்டினாள். "வேர் இல்ல பாரு. சந்தை தேதி வந்துடுச்சு, அதுக்காகப் புடுங்கி வச்சேன்."

சோப்புப் பெண் குச்சியைப் பார்த்தாள், செடியம்மாவைப் பார்த்தாள். இதற்கு மேல் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. செடியம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து மொத்தத்தையும் சொன்னாள். கரைந்த சோப்பைச் சொன்னாள். மண்ணுக்காரர் கேட்டதைச் சொன்னாள். முதல் நாள் வழக்கத்தைச் சொன்னாள், அன்றைக்கு அது அளவு மீறிப்போனது தன்னால்தான் என்பதையும் சொன்னாள்.

சோப்புப் பெண் நின்றபடியே கேட்டாள். அவள் கையிலேயே டீ ஆறி ஏடு படிந்தது.

"ஆறு வாரம் காயணும்கா" என்றாள் கடைசியில், மெல்லிய குரலில். "எனக்கே தெரியும். தொட்டுப் பாத்தேன், கெட்டியா இருந்துச்சு. எனக்கும் சந்தை தேதி வந்துடுச்சு."

கூடத்தில் மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வரைந்தாள்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. உங்க ஆளுங்க இல்லாம, வெளியாள் ஒருத்தராவது வாங்கினாங்களா? ஒரே ஒருத்தராவது?"

செடியம்மாவின் வாய் மறுபடியும் தயாராக இருந்தது. வாங்கினாங்களே, ஒரு வயசான அம்மா வாங்கினாங்க, ஒரு சின்னப் பையன் வாங்கினான் என்று அவிழ்த்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியலம்மா. நான் பாக்கல."

அப்போதுதான் சோப்புப் பெண் உடைந்தாள். சத்தம் போடவில்லை. "நீங்க எல்லாரும் நல்லவங்கதான்கா" என்றாள். "ஆனா என்னை இத்தனை நாளா முட்டாளா வச்சிருந்தீங்க. என் வீட்டுக்காரருக்கு அந்த மைக்கைப் போட்டுக் காட்டினேன்கா. அவர் கண்ணு கலங்கிட்டாரு. இப்ப நான் அவருக்கு என்ன சொல்வேன்?" ஆறின டீயைக் கொடுக்காமல் உள்ளே திரும்பினாள். "நீங்க கெளம்புங்க."

செடியம்மா படி இறங்கினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வேலையை விட்டாளா, கடையை எடுத்தாளா, ஒன்றும் தெரியாது. போய்க் கேட்கச் செடியம்மாவுக்கு முகம் இல்லை. மெயின் ரோட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தத் தையல் கடையை எட்டிப் பார்த்தாள், சாத்தியே கிடந்தது. பல் டாக்டரிடம் போய்ப் பார்க்கலாம் என்றால் இவளுக்குப் பல்லில் ஒரு குறையும் இல்லை. இப்படி ஒரு நல்ல பல்லை வைத்துக்கொண்டு என்ன பயன் என்று அதையும் நொந்துகொண்டாள்.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. செடியம்மா வேர் பிடித்த செடிகளை மட்டும் எடுத்து வந்திருந்தாள். பாதி மேசை காலியாக இருந்தது. எதிர் மேசை முழுக்கவே காலி. பைக்காரர் அதைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். "வராதுக்கா" என்றார். செடியம்மா அவரை ஒரு முறை முறைத்தாள்.

வெயில் ஏறத் தொடங்கிய பிறகு சோப்புப் பெண் வந்தாள். கையில் சின்னக் கூடை. அதே வெள்ளைத் துணியை விரித்தாள். கூடையில் இருந்து எடுத்து வைத்தது ஒரு கைப்பிடி சோப்புதான். எல்லாம் ஓரம் கோணியும், மூலை உடைந்தும் இருந்தன. முதல் தடவை வெட்டும்போது அழகாக வரவில்லை என்று வீட்டில் ஒதுக்கி வைத்தவை. இத்தனை நாளில் கல்லாக இறுகியிருந்தன.

துணியை நீவிவிட்டு நேராகச் செடியம்மாவிடம் வந்தாள்.

"வேலைக்குப் போயிட்டுதான் இருக்கேன். கடை வேண்டாம்னு சொல்லிட்டேன்." முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. "ஒரே ஒரு விஷயம். இன்னிக்கு உங்கள்ல ஒருத்தரும் என்கிட்ட வாங்கக் கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. எனக்கு நெஜம் தெரியணும்."

செடியம்மா சொன்னாள். வாங்கு என்று சொன்னபோது இருந்ததைவிட வாங்காதே என்று சொல்வதுதான் கடினமாக இருந்தது. பைக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த மேசையைத் தாண்டிப் போனார், கையை விட்டால் அது தானாகப் போய் வாங்கிவிடும் என்கிற மாதிரி. தேன்காரர் அந்தப் பக்கமே போகவில்லை. மதியம் வந்தது. எடுத்து முகர்ந்தவர்கள் "ஆஹா" என்றார்கள், வைத்தார்கள், போனார்கள். கோணல் மூலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினவர்களும் உண்டு. சோப்புப் பெண் இன்றைக்கு மேசையைத் துடைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டிருக்கவே செடியம்மாவுக்கு என்னவோ செய்தது. ஒருவராவது வரட்டும், ஒரே ஒருவராவது என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

அப்போது தெரு முனையில் இருந்து ஒரு பஸ் கண்டக்டர் வந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை, தோளில் தோல் பை தொங்கியது. நல்ல உயரம், வேகமான நடை. வேறு எந்தக் கடையையும் பார்க்கவில்லை. நேராக வெள்ளைத் துணி மேசைக்கு வந்து நின்றாள்.

"நீங்கதானே போன மாசம் சோப்பு வித்தது?"

"ஆமாங்க."

"என்னங்க வியாபாரம் இது? நாலு நாளுக்கு மேல வரலை. கொழகொழன்னு கரைஞ்சு, டப்பாவெல்லாம் ஒட்டிக்கிட்டு, தேய்ச்சுக் கழுவ எனக்கு அரை நாள் போச்சு. அழகா நூலு கட்டினாப் போதுமா? உள்ள சரக்கு இருக்க வேண்டாமா?"

பஸ்ஸில் கடைசி இருக்கை வரை கேட்டுப் பழகிய குரல். தெருவே திரும்பிப் பார்த்தது. பைக்காரர், "ஏங்க, கொஞ்சம் மரியாதையா..." என்று பாய்ந்தார். செடியம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

சோப்புப் பெண் கண்டக்டரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க... இங்கயா வாங்கினீங்க? நீங்களாவா?"

"பின்ன?"

"யாராவது சொல்லி வாங்கினீங்களா? இங்க கடை வச்சிருக்கவங்க யாராவது தெரிஞ்சவங்களா?"

"என்னங்க கேள்வி இது? காசு குடுத்து ஒரு சோப்பு வாங்கறதுக்கு எனக்கு ஒருத்தர் வந்து சொல்லணுமா? மத்தியானம் டூட்டி முடிஞ்சு எறங்கி இந்த வழியா வீட்டுக்குப் போனேன். வாசனை வந்துச்சு, வாங்கினேன்." கண்டக்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாள் பூரா சில்லறையும் பஸ் கம்பியும் புடிச்சு இந்தக் கையில ஒரு இரும்பு நாத்தம் ஒட்டிக்கும். எதைப் போட்டாலும் போகாது. சோத்துல கை வச்சா அதான் அடிக்கும். உங்க சோப்பு போட்ட நாலு நாளும் அது இல்ல. அதனாலதான் இவ்வளவு கோவம். இல்லன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கியிருக்க மாட்டேனா?"

சோப்புப் பெண்ணுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டில் எதைத் தடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டாள். மேசையில் இருந்ததிலேயே பெரிய சோப்பாக எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

"தப்பு என்னோடதுங்க. காயறதுக்கு முன்னாடி வித்துட்டேன். இது நல்லாக் காஞ்சது. காசு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க."

கண்டக்டர் சோப்பை நகத்தால் தட்டிப் பார்த்தாள். டக் டக் என்றது. முகர்ந்து பார்த்தாள். "மூலை உடைஞ்சிருக்கே?"

"அதான் இருக்கறதுலயே நல்ல சோப்புங்க."

"சும்மா குடுத்தா அப்புறம் நான் எப்படி வந்து திட்டறது?" என்று சொல்லிக் காசை மேசையில் வைத்தாள். சோப்பைத் தோல் பைக்குள் போட்டுக்கொண்டு அதே வேகத்தில் நடந்தாள். நாலு எட்டு போய்த் திரும்பி, "கரைஞ்சுதுன்னா வருவேன்!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சோப்புப் பெண் தெருவைக் கடந்து ஓடி வந்தாள். காலையில் இருந்த இறுக்கம் முகத்தில் இல்லை. செடியம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கேட்டீங்களா? என்னைத் திட்டிட்டுப் போறாங்கக்கா!"

"கேட்டேன், கேட்டேன். தெருவுக்கே கேட்டுச்சு" என்றாள் செடியம்மா. கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் மண்ணாக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு விற்றது ஒன்றோ இரண்டோதான். தடுப்புகளை எடுக்கிற நேரத்தில் வெள்ளைத் துணியில் இன்னும் சில சோப்புகள் இருந்தன. செயலாளரிடம் அன்றைக்கு மைக்கில் சொல்ல ஒன்றும் இல்லை. செடியம்மா கையைக் கழுவிக்கொண்டு எதிர் மேசைக்குப் போனாள். வாடிக்கையாளர் நிற்கிற பக்கத்தில் நின்றாள்.

"இப்ப நான் ஒண்ணு வாங்கலாமா?"

சோப்புப் பெண் சந்தேகமாகப் பார்த்தாள். "எதுக்கு?"

"எதுக்கா? குளிக்கத்தான். எங்க வீட்டு மனுஷன் மண்ணுலயே பொரளறாரு."

"கரைஞ்சா?"

"வீடு தேடி வந்து திட்டுவேன். மூணாவது மாடின்னாலும் ஏறி வருவேன்."

"நெஜமா?"

"நெஜமா."

சோப்புப் பெண் மூலை உடைந்த ஒரு சோப்பை எடுத்து, நூல் கட்டாமல் அப்படியே கொடுத்தாள்.